யாரைப் பார்த்துட்டு வந்தீங்க?

அந்தத் தெருவில் யாரை வழி கேட்டாலும் "விசாரணை அக்கா வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். விடுதிக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. வாசலில் பலகையும் உண்டு. உப்புக்காற்று பலகையின் பாதி எழுத்தைத் தின்றுவிட்ட பிறகு மீதியைப் படிக்க யாரும் மெனக்கெடவில்லை. மாடியில் நான்கு அறைகள், கீழே சமையலறை, பெரிய சாப்பாட்டு மேசை, பின்பக்கம் முற்றம், முற்றத்தில் ஓடாத ஒரு வேன். மாடி ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கடல் தெரியாது, சத்தம் மட்டும் வரும். "கடலோர விடுதின்னீங்களே, கடலையே காணோமே" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அக்கா, "கேக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்பாள். அதற்குமேல் சண்டை போட யாருக்கும் தெம்பிருக்காது.

மற்ற விடுதிகளில் வந்து இறங்கியதும் ஒப்பிப்பார்கள், தெரியுமில்லையா? கலங்கரை விளக்கம் போங்க, கடற்கரைக்குப் போங்க, சிப்பிக் கடைத்தெருவுக்குப் போங்க, குழந்தை இருந்தா மீன் காட்சிச்சாலைக்குப் போங்க என்று கிளிப்பிள்ளை மாதிரி. அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது. காலையில் ரொட்டியும் முட்டையும் வைக்கும்போதே விருந்தாளியை மேலும் கீழும் பார்ப்பாள். கண் நல்ல கூர்மையாக இருக்கிறதா, நாலு பேரிடம் பேசுகிற ஆளா, சும்மா தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற ஆளா என்று எடைபோடுவாள். பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு மீன் ஏலக்கூடத்துக்குப் போயிட்டு வாங்க."

"அங்க பாக்கறதுக்கு என்னக்கா இருக்கு?"

"ஆளுங்க இருக்காங்க."

கல்யாணமான புதிதில் ஊர் சுற்ற வந்த ஜோடியைக் கூசாமல் மீன் ஏலக்கூடத்துக்கு அனுப்பிய பெண்மணி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பாவம், அந்தப் பெண் பட்டுப்புடவையில் போய்ச் செதிலோடு திரும்பி வந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரை ஐஸ் தொழிற்சாலைக்கு அனுப்பி, அவருக்குச் சளி பிடித்து, அவர் கிளம்பும்வரை கஷாயம் வைத்துக் கொடுத்ததும் இதே அக்காதான். மாலுமிகள் தங்கும் விடுதி, படகு பழுதுபார்க்கும் கொட்டகை, துறைமுக ஆஸ்பத்திரியின் வெளித் திண்டு என்று ஊரில் எவனும் வேடிக்கை பார்க்காத இடங்களாகப் பார்த்து அனுப்புவாள். கலங்கரை விளக்கத்துக்கும் அனுப்புவாள், ஆனால் மேலே ஏறச் சொல்லமாட்டாள். "கீழ நிக்கறவங்களைப் பாருங்க" என்பாள்.

சாயங்காலம் அவர்கள் களைத்துத் திரும்பி வருவார்கள். டீ தயாராக இருக்கும். டீயை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவே மாட்டாள். "யாரைப் பார்த்துட்டு வந்தீங்க?" என்பாள். அங்கிருந்து விசாரணை ஆரம்பம். நெடுநெடுவென்று ஒருத்தர் இருந்தாரா? நீலச் சட்டை போட்டிருந்தாரா? ஜோக் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சாரா? ரொட்டி தின்னா ஓரத்தை மட்டும் ஒதுக்கி வச்சாரா? செருப்பைக் கவனிச்சீங்களா, இடது கால் செருப்பு மட்டும் தேஞ்சிருக்கும். சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள் மட்டும் யோசித்துப் பார்த்து, "இல்லையேக்கா" என்றார்கள்.

அவள் தன் கணவனைத் தேடிக்கொண்டிருந்தாள். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரிந்த விஷயம்.

அவரை ஊரே "சிரிப்பு" என்றுதான் கூப்பிட்டது. ஜோக் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரித்து, கண்ணைத் துடைத்து, மூச்சு வாங்கி, ஒருவழியாக ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓய்ந்திருப்பார்கள். ஜோக்கென்னவோ உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். விருந்தாளிகளை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அக்காவின் சமையல் ருசிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை வந்தவர்கள் மறுபடி வந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான்.

ஒரு மத்தியானம், பழைய கடல் பாலத்தில் ஒரு விருந்தாளி குடையை மறந்து வைத்துவிட்டார். எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சிரிப்பு கிளம்பிப் போனார். அந்தக் காலத்தில் கப்பல்களுக்குச் சரக்கேற்றக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம் அது. இப்போது நுனி இடிந்து, வேடிக்கை பார்க்க மட்டும் நிற்கிறது. வேன் பாலத்தின் வாசலில் கதவு திறந்தபடி நின்றது. குடை நுனிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

முக்குளிக்கிறவர்கள் தேடினார்கள். "பொறுங்க, கடல் எப்படியும் கொண்டாந்து குடுத்துடும்" என்றார்கள். கடல் கொடுக்கவில்லை. கால் தவறி விழுந்துவிட்டார் என்றார்கள் சிலர். அன்று கிளம்பிய சரக்குக் கப்பலில் ஏறிப் போய்விட்டார் என்றார்கள் சிலர். ஊர்வாய்க்கு என்ன, அவல் கிடைத்தால் மெல்லவேண்டியதுதானே. நாத்தனார் வெளியூரிலிருந்து வந்து வாசலிலேயே தலைவிரிகோலமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பொணத்தைப் பார்த்தியா?"

"இல்லை அண்ணி."

"பார்க்கலைல்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு உள்ள வந்து டீயைக் குடி."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அழுகை கிடையாது. தேடுவது மட்டும்தான். அக்காவே கிளம்பிப் போய்த் தேடியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. அவள் வெளியே போன நேரம் பார்த்து அவர் வந்து கதவைத் தட்டிவிட்டால்? அதனால் வாசற்படியைத் தாண்டினால் முக்குக் கடைவரை, அதுவும் ஓட்டமும் நடையுமாக. பழைய கடல் பாலத்தின் பக்கம் அதன்பிறகு அவள் காலே வைக்கவில்லை. ஊரைப் பார்க்கிற வேலையை விருந்தாளிகள் தலையில் கட்டிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

வீடும் அவளோடு சேர்ந்து காத்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். முற்றத்து வேனின் கதவைத் தினமும் சாத்துவாள். சில காலைகளில் அது திறந்து கிடக்கும். "காத்தும்மா, துருப்பிடிச்ச கதவு" என்பாள் அவளுடைய ஒரே மகள். அக்கா போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்துவாள். மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில், மாடிப்படியிலிருந்து அந்தச் சிரிப்பு வரும். ஜோக்குக்கு முந்தின சிரிப்பு. அவள் கையிலுள்ள ஈர விரிப்போடு அப்படியே நிற்பாள். ஜோக் வரும் என்று நிற்பாள். வராது. அதுதான் கொடுமை. அவர் வீட்டிலிருந்த காலத்தில் அந்த ஜோக்குகளைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. இப்போது ஒன்றே ஒன்றைக் கேட்டுவிடமாட்டோமா என்று படிக்கட்டைப் பார்த்தபடி நிற்கிறாள்.

மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. மீன் காட்சிச்சாலையில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வட்டமான ஓட்டை வழியாகக் கையை விட்டுக் கொடுக்கவேண்டும். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அக்கா அவனுக்கு வைத்திருந்த பெயர் "பொறுமை". அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்து கப்பல் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பொறுமை வராமல் என்ன செய்யும்? ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. அவனை வேறொரு துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"அம்மா, அடுத்த மாசம் அவரு கிளம்பணும்" என்றாள் மகள், ரொட்டியை வெட்டிக்கொண்டே. "கல்யாணத்தை முடிச்சுட்டு சேர்ந்தே போயிடலாம்ங்கறாரு. இல்லைன்னா அவங்க வீட்ல வேற பொண்ணு பாக்கறதாச் சொல்லிட்டாங்க."

"அப்பா வரட்டும்."

"எப்பம்மா வருவாரு?"

"வருவாரு. வந்து, என் ஒரே பொண்ணு கல்யாணத்தை நான் இல்லாமயே நடத்திட்டியான்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிக்கறது? நீ பதில் சொல்லுவியா?"

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பா செத்துட்டாரும்மா. எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியலை."

"அந்த வார்த்தை இந்த வீட்ல வேண்டாம்."

"அப்ப என் கல்யாணம்?"

"அப்பா வரட்டும்னு சொன்னேனா இல்லையா?"

மகள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்திய வேகத்தில் மேசைமேல் டம்ளர்கள் அதிர்ந்தன. பெற்ற வயிறு பற்றி எரியாமலா இருக்கும்? அக்காவுக்கும் எரிந்தது. ஆனால் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்படி நிற்பதற்கு அப்போது ஒரு காரணமும் கிடைத்திருந்தது.

கொஞ்ச நாளாகவே விருந்தாளிகள், "ஆமாம், பார்த்தோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

முதலில் சொன்னது விடுமுறைக்கு வந்த இரண்டு நர்சுகள். எப்போதும்போல அக்கா விசாரணையைத் தொடங்கினாள். நீலச் சட்டை என்று சொன்னதுமே அந்தப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பார்த்தோம்க்கா! பழைய கடல் பாலத்துல. நீலச் சட்டை."

"சிரிப்பு?"

"அதையும் கேட்டோம். அம்மாடி, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

அக்காவின் கையிலிருந்த டீத் தட்டு நழுவி விழுந்தது. அவர் எப்படியிருந்தார், இளைத்திருந்தாரா, ஏன் வீட்டுக்கு வரவில்லை என்றெல்லாம் அங்கேயே கேட்டிருக்கவேண்டும். ஊரிலுள்ள கேள்வியெல்லாம் கேட்கிறவளுக்கு அன்று வாய் வரவில்லை. கேட்டு, பதில் வேறு மாதிரி வந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம். உடைந்த பீங்கானைப் பொறுக்கிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்புறம் ஒரு வியாபாரி சொன்னார். அப்புறம் ஒரு குடும்பம். எல்லாரும் பழைய கடல் பாலம் என்றார்கள், நீலச் சட்டை என்றார்கள், சிரிப்பைக் கேட்டோம் என்றார்கள். அந்தக் குடும்பத்தின் சின்னப் பெண் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, அந்த மாமா சிரிச்சிக்கிட்டே இருக்காரு, ஆனா எதுக்குச் சிரிக்கறாருன்னு சொல்லவே மாட்டேங்கறாரே, ஏன்?" அக்கா குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டாள். ஏனென்றால் அதேதான், அச்சு அசலாக அதேதான், அவள் மாடிப்படியில் கேட்பது. குழந்தையின் அம்மா, "சும்மா இரு, அப்புறம் பயந்துக்குவ" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அக்கா மறுநாள் காலையிலேயே பீரோவைத் திறந்து அவருடைய வேட்டி சட்டைகளை எடுத்துத் துவைத்துப்போட்டாள். சவரப் பெட்டியைத் துடைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் மகள் வந்ததும் விஷயத்தைக் கொட்டினாள்.

"அப்பா இங்கதான்டி இருக்காரு. பாலத்துப் பக்கமாவே சுத்திக்கிட்டிருக்காரு. ஒருத்தர் ரெண்டு பேரு இல்லை, எத்தனை பேரு பார்த்திருக்காங்க தெரியுமா?"

மகள் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிற பெண், கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உலர்ந்தவற்றை எடுத்து மடித்து வைத்தாள். கல்யாணப் பேச்சை அவள் அன்று எடுக்கவேயில்லை. தன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கணவன் மனைவி வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் தபால் ஆபீசில் வேலை. பெட்டியை அறையில் வைத்த கையோடு அந்த ஆள் கீழே இறங்கி வந்து செல்போனை நீட்டினான்.

"அக்கா, இங்க பக்கத்துல சிரிப்பு ஆவின்னு ஒண்ணு இருக்காமே? பழைய கடல் பாலத்துல. எல்லாரும் வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க. எத்தனை மணிக்குப் போனா நல்லாயிருக்கும்?"

செல்போனில் ஒரு கூட்டம் தெரிந்தது, கடல் தெரிந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள். செருப்பைத் தேடினாள். கிடைத்தும் அதை எந்தக் காலில் மாட்டுவது என்று தெரியாதவள்போல நின்றாள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, "யாராவது வந்தா உள்ள உட்கார வைங்க. போயிடாம பார்த்துக்குங்க" என்றாள்.

"யாரு வருவாங்கம்மா?"

"யாரா இருந்தாலும்."

அந்தத் தம்பதிக்கு ஒரே சந்தோஷம், விடுதிக்கார அக்காவே கூட வந்து வழிகாட்டுகிறாளே என்று. அக்காதான் அவர்கள் பின்னால் போனாள். வழியெல்லாம் மாறியிருந்தது. மீன்வலை காய்ந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். பாலத்தின் வாசலில் ஐஸ் வண்டி, பலூன்காரர், தொப்பி விற்கிறவர். வெயில் சாய்ந்திருந்தது. கூட்டமோ கூட்டம். இத்தனை பேர் அவரைப் பார்க்கவா வருகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நடுத்தர வயது ஆள் ஒருவர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பாலத்தின் நுனிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"எல்லாரும் பக்கத்துல வாங்க! கம்பியைப் பிடிச்சுக்குங்க, ஏற்கெனவே ஒருத்தரைக் கடல்ல விட்டுட்டு நிக்கறோம்! ஜோக் சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்கற மனுஷன் ஒருத்தர். ஒரு குடையை எடுக்க இங்க வந்தாரு. குடை இருந்துச்சு, ஆளு இல்லை. அவரைப் பத்தி நான் சொல்றதெல்லாம் சத்தியம். ரொட்டி ஓரம் தின்னமாட்டாரு. இடது கால் செருப்புதான் முதல்ல தேயும். இதோ, அன்னைக்கு அவரு போட்டிருந்த நீலச் சட்டை!"

கம்பியில் ஒரு நீலச் சட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். காற்றில் அது உப்பி, கைகளை ஆட்டியது. ஜனங்கள் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அவரு சம்சாரம் என்ன ஆனாங்க தெரியுமா? வாசல்ல உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாங்க. வந்தபாடில்லை. ஒரு நாள் அந்தம்மாவும் இதே எடத்துலேர்ந்து குதிச்சுட்டாங்க!"

கூட்டம் 'உச்' கொட்டியது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பாவம் பாருங்க" என்றாள். அக்காவும், "ஆமாங்க, பாவம்" என்றாள்.

அவள் கண் சட்டையை விட்டு நகரவில்லை. நீலம். எல்லாரும் நீலம் என்றார்கள். அவளும் இத்தனை வருஷம் நீலம் என்று சொல்லிச் சொல்லி, நீலமாகவே நினைத்துப் பழகிவிட்டாள். இப்போது அந்த வெறும் சட்டைக்கு எதிரே நின்றபோதுதான் அந்த மத்தியானம் உள்ளபடியே ஞாபகத்துக்கு வந்தது. அவள் மாடிப்படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, "போயிட்டு வரேன்" என்றார். அவள் திரும்பவில்லை. "ம்" என்றாள். அவ்வளவுதான். அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று அவள் பார்க்கவேயில்லை. போலீஸ்காரர் கேட்டபோது, கட்டின பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரே என்ற வெட்கத்தில், கொடியில் எது காய்ந்துகொண்டிருந்ததோ அந்த நிறத்தைச் சொன்னாள்.

அதாவது, நீலச் சட்டை போட்ட சிரிப்பு என்று ஒரு ஆள் அவள் வாயில் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. அவள் சொன்னதை வைத்து விருந்தாளிகள் மறுநாள் இங்கே வந்து விசாரித்தார்கள். கேட்டதை இந்த ஒலிபெருக்கிக்காரர் சேர்த்துக் கோத்து அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, அவளும் இந்த வேடிக்கையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, பார்த்தோம் கேட்டோம் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையும் இங்கே வந்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் ஆள் அனுப்பித் தேடினாளே, தேடியது அவரையே இல்லை. எங்கேயாவது வெள்ளைச் சட்டையில் அவர் நின்றிருந்தால், நல்ல மனசுக்காரர்கள் யோசித்துப் பார்த்து, "இல்லையேக்கா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"இப்ப அவரைக் கூப்பிடுவோமா?" என்றார் ஒலிபெருக்கிக்காரர். "கூப்பிட்டா சிரிப்பாரு! யாரு முதல்ல? அம்மா, நீங்க. ரொம்ப நேரமா அவரையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. வாங்க, வெக்கப்படாதீங்க."

ஒலிபெருக்கி அக்காவின் வாய்க்கு எதிரே வந்தது. ஆயிரம் கேள்வி கேட்டவளுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"என்னங்க…"

பாலத்தடியில் உடைந்த தூண் ஒன்று உள்ளே குழாயாக இருந்தது. அலை அதற்குள் ஏறி, மூச்சடைத்து, குலுங்கிக் குலுங்கி இறங்கியது. ஐயோ, அவரேதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்குவாரே, அந்த இடம்கூட அப்படியே இருந்தது. கூட்டம் ஓவென்று கத்திக் கைதட்டியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜோக்குக்காகக் காத்திருந்தாள். தபால் ஆபீஸ் தம்பதி படம் எடுக்கப் போனார்கள், கூட்டம் ஐஸ் வண்டிக்குப் போனது. தூணுக்குள் அலை மறுபடி ஏறியது, யாரும் கூப்பிடாமலேயே சிரித்தது. அது தண்ணீர். அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள், "தண்ணி."

ஒலிபெருக்கிக்காரர் சட்டையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போனாள்.

"நீங்க எப்பவாவது அவரைப் பார்த்திருக்கீங்களா?"

கூட்டம் இல்லாதபோது அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "இல்லம்மா. நான் இங்க வந்ததே அப்புறம்தான். முன்னாடி இந்தப் பாலத்தை எப்ப கட்டினாங்க, எத்தனை கப்பல் வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு ஈ காக்கா நிக்காது. யாரோ ஒரு விடுதிலேர்ந்து வர்றவங்க மட்டும் இப்படி ஒரு ஆளைப் பார்த்தீங்களான்னு கேப்பாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "தனியா நிக்கும்போது எனக்கே பயமாத்தான் இருக்கும்மா."

"அந்தம்மா குதிக்கலை" என்றாள் அக்கா.

"உங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"தெரியும்."

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையிலேயே நடந்து மீன் காட்சிச்சாலைக்குப் போனாள். மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. நீண்ட வரிசை. குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. அக்கா முண்டியடிக்காமல் கடைசியில் நின்று, ஒவ்வொருவராக நகர்ந்து கண்ணாடிக்கு எதிரே வந்தாள்.

"எத்தனை பேரு?" என்றாள் மகள், நிமிராமலேயே. பிறகு நிமிர்ந்தாள். "அம்மா! வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லை." அக்கா குனிந்து ஓட்டைக்கு நேரே வாயை வைத்துக்கொண்டாள். "அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பு. இந்த மாசமே கல்யாணத்தை வச்சிக்கலாம்."

"அப்பா?"

"அப்பா செத்துப் போயிட்டாருடி."

எத்தனை வருஷமாக அம்மா வாயால் கேட்கவேண்டும் என்று மல்லுக்கு நின்ற வார்த்தை. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா காணாமல்போன நாளிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத பெண் அந்தச் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். "இல்லம்மா, நீ அப்படிச் சொல்லாத, நீ சொல்லாத" என்றாள்.

"பாலத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள் அக்கா. "அங்க ஒருத்தரும் இல்லை. எல்லாம் கதை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்மா. இங்க டிக்கெட் வாங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தானே பேசிட்டுப் போறாங்க."

பின்னால் நின்றவர், "டிக்கெட்டை வாங்கிட்டு நகருங்கம்மா, குழந்தை அழுவுது" என்றார். அக்கா நகரவில்லை.

"பாவி மகளே, தெரிஞ்சிருந்தா ஏன்டி சொல்லலை? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேனே. உன் கல்யாணத்துக்குத்தானே இத்தனை சண்டை?"

மகள் ஓட்டை வழியாகக் கையை வெளியே விட்டு அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நீ அப்பாவைத் தேடறதை விட்டுடுவியேம்மா" என்றாள்.